மஷ்வராவில் பிறந்த மலாயா – மர்ஹூம் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்களின் வரலாறு

 

வல்ல அல்லாஹ்வின் பேரருளால் நம் ஜமாஅத்தின் ஆண்டறிக்கையும் மலரும் இவ்வாண்டும் உங்கள் கரங்களில் தவழ்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். வரவு செலவுக் கணக்குக்கும் மத்ரஸா மாணவர் பட்டியலுக்கும் நடுவே ஒருவரது வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு நிர்வாகிகள் நம்மைப் பணித்தனர். நபித்தோழர்கள், இமாம்கள், இறைநேசச் செல்வர்கள் ஆகியோரின் சரிதைகளை ஜுமுஆ மேடையிலும் மீலாது மேடையிலும் நீங்கள் கேட்டே வருகின்றீர்கள். ஆதலின் இம்முறை வேறு திசையில் திரும்பினோம்.

நம் மஹல்லாவின் பழைய வீடுகளில் மலாயாவிலிருந்து வந்த மரப்பெட்டி ஒன்றேனும் காணக் கிடைக்கும். பாட்டனார் பினாங்கில் கடை வைத்திருந்ததையும் கோலாலம்பூரில் வட்டித் தொழிலுக்கு அஞ்சி மளிகைத் தொழிலில் நின்றதையும் பெருமையாகப் பேசுவோர் பலர். ஆயின் அந்நாடு ஆங்கிலேயரிடமிருந்து எவ்வாறு விடுதலை பெற்றது, அங்கு ஒன்பது சுல்தான்கள் இருக்க ஒரே பேரரசர் எவ்வாறு அமைந்தார், நம் சபராளிகளுள் சிலர் அந்நாட்டுக் குடிமக்களாகவும் சிலர் வெறுங்கையுடன் திரும்பியவர்களாகவும் ஆனது எதனால் என்று வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. இவ்வினாக்கள் யாவும் ஒருவரின் வாழ்வோடு பின்னிக் கிடக்கின்றன. அன்னார்தாம் மலாயாவின் முதற் பிரதமர் மர்ஹூம் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ரா அல்ஹாஜ் அவர்கள்.

துங்கு என்பது பெயரன்று. இளவரசர் என்பதைக் குறிக்கும் மலாய்ப் பட்டம். 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் கெடா மாநிலத்தின் தலைநகராகிய அலோர் ஸ்டாரில் சுல்தான் அப்துல் ஹமீது ஹலீம் ஷா அவர்களின் மகனாக அன்னார் பிறந்தார்கள். தாயார் சயாம் நாட்டு வழியினர். கெடா என்னும் நாடு நமக்கு அந்நியமானதன்று. சோழப் பேரரசன் இராஜேந்திரன் கடாரம் கொண்டான் எனப் பட்டம் புனைந்தது அம்மண்ணைக் குறித்தே.

துங்கு பிறந்தபோது கெடா சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. 1909-இல் சயாமும் ஆங்கிலேயரும் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள, கெடா ஆங்கிலேயர் கைக்கு மாறியது. சுல்தானின் சம்மதத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. அப்போது துங்கு ஆறு வயதுச் சிறுவர்.

ஆங்கிலேயர் மலாயாவை ஆண்ட முறை சற்றுச் சிக்கலானது. பின்னர் வருவதைப் புரிந்துகொள்ள அதனை அறிதல் வேண்டும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் நேரடிக் குடியேற்ற நாடுகள். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சுல்தான்களைக் கொண்டிருப்பினும் ஒரே கூட்டாக ஆளப்பட்டன. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு, ஜொகூர் ஆகிய ஐந்தும் தனித்தனியே ஆங்கில ஆலோசகரைக் கொண்டிருந்தன. ஆலோசகர் என்பது பெயரளவே. அவர் சொல்வதைச் சுல்தான் ஏற்றாக வேண்டும். சுல்தானுக்கென எஞ்சியவை இரண்டே: இஸ்லாமிய மார்க்கமும் மலாய் வழக்காறுகளும். இவ்விரண்டையும் அவர்கள் எத்துணை இறுகப் பற்றிக்கொண்டார்கள் என்பதைப் பின்னர்க் காண்போம்.

துங்குவின் கல்வி அலோர் ஸ்டாரிலும் பாங்காக்கிலும் பினாங்கிலும் நடந்தேறியது. பின்னர் கெடா அரசின் உதவித்தொகையில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சென்றார்கள். அங்கே பாடநூலைவிடக் கால்பந்தும் மோட்டார் வண்டியும் குதிரைப் பந்தயமும் அன்னாரை ஈர்த்தன. பட்டம் 1925-இல் கிடைத்தது. சட்டத் தேர்வில் மீண்டும் மீண்டும் தோல்வியே கிட்டியது. 1931-இல் ஊர் திரும்பி மாவட்ட அதிகாரியாகப் பணிபுரிந்தார்கள். பிற்காலத்தில் ஒரு நாட்டுக்குத் தலைவராகப் போகிறவர் என்று அந்நாளில் எவரும் எண்ணியிருக்க வழியில்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியர் வட மலாயாவில் நுழைந்தனர். முதிய சுல்தானைப் பினாங்குக்கு அப்புறப்படுத்த ஏற்பாடாயிற்று. மக்களை விட்டு அரசர் ஓடுவது தகாது எனக் கருதிய துங்கு, தந்தையார் ஏறியிருந்த வண்டியை இடைவழியில் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு அவரைக் கெடா மண்ணிலேயே நிறுத்தி வைத்தார்கள். தந்தையைக் கடத்திய மகன் என்று ஏளனம் செய்தோரும் உண்டு. நாட்டைக் காப்பதாகக் கூறிய ஆங்கிலேயரோ சிங்கப்பூர் வரை பின்வாங்கிச் சென்று, 1942 பிப்ரவரியில் சரணடைந்தனர்.

போர் முடிந்து மீண்டும் வந்த ஆங்கிலேயர் 1946 ஏப்ரல் முதல் நாள் மலாயன் யூனியன் என்னும் புதிய அமைப்பை நிறுவினர். ஒன்பது மலாய் மாநிலங்களும் பினாங்கும் மலாக்காவும் ஒன்றாக்கப்பட்டன. சிங்கப்பூர் தனியே விடப்பட்டது. சுல்தான்களிடம் விரைந்து கையொப்பம் வாங்கி அவர்களது இறையாண்மை ஆங்கில முடியரசுக்கு மாற்றப்பட்டது. பிற இனத்தாருக்குக் குடியுரிமை எளிதாக்கப்பட்டது. மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்தனர். ஜொகூரைச் சேர்ந்த தத்தோ ஓன் ஜாபர் தலைமையில் அவ்வாண்டு மே மாதம் அம்னோ என்னும் கட்சி பிறந்தது. எதிர்ப்பின் வலிமை கண்டு ஆங்கிலேயர் பின்வாங்க, 1948 பிப்ரவரியில் யூனியன் கலைந்து மலாயாக் கூட்டரசு தோன்றியது. இங்கு ஒன்றைக் குறிப்பிடாமல் செல்ல மனம் ஒப்பவில்லை. அந்த யூனியன் திட்டம் நம்மவர்க்குக் குடியுரிமையை எளிதில் தந்திருக்கும். ஆயினும் அதற்காகக் குரல் எழுப்பிய இந்தியர் சிலரே. நம் மக்களின் கண்கள் அப்போது தாயகத்தின் விடுதலையை நோக்கியிருந்தன.

துங்கு அவர்கள் மீண்டும் இலண்டன் சென்று, விட்ட சட்டப் படிப்பைத் தொடர்ந்து முடித்து 1949-இல் திரும்பியபோது வயது நாற்பத்தைந்தைக் கடந்திருந்தது. தேர்வில் ஒருமுறை தவறியதும் மத்ரஸாவை விட்டும் பள்ளியை விட்டும் பிள்ளைகளை நிறுத்தி விடும் பெற்றோர் இதனைக் கவனித்தல் நலம்.

1951-இல் தத்தோ ஓன் அம்னோவின் கதவை எல்லா இனத்தாருக்கும் திறந்துவிட வேண்டும் என்றார். கட்சியினர் மறுத்தனர், அவர் விலகித் தனிக்கட்சி கண்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் துங்கு தலைவரானார்கள். மலாய்க்காரரின் உரிமைக்காக மட்டுமே பேசுவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர் அன்னார். ஆனால் நடந்தது வேறு. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் அம்னோவின் உள்ளூர்க் கிளையும் மலாயா சீனர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையும் தமக்குள் பேசி ஒன்றிணைந்து நின்று, 12 இடங்களில் 9-ஐ வென்றன. இது துங்கு வகுத்த திட்டமன்று. கீழேயிருந்து முளைத்ததைக் கண்டு, அதுவே வழி எனப் புரிந்துகொண்டு, சீனர் சங்கத் தலைவர் தான் செங் லோக்குடன் அமர்ந்து அதனை நாடு முழுமைக்கும் விரித்தது மட்டுமே அன்னாரின் பணி. தொண்டர் கண்ட வழியைத் தலைவர் ஏற்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. 1954-இல் மலாயா இந்தியர் காங்கிரஸும் இணைந்தது.

தத்தோ ஓன் எல்லாரையும் ஒரே வீட்டில் குடியேற்ற விரும்பினார். துங்குவோ அவரவர் வீட்டில் அவரவர் இருக்க, முற்றத்தை மட்டும் பொதுவாக்கினார்கள். எது சிறந்தது என்று அந்நாட்டு அறிஞர்கள் இன்றும் வழக்காடுகின்றனர். முதலாவது அன்று நடவாமற் போயிற்று, இரண்டாவது நடந்தது.

1955 ஜூலை 27-ஆம் நாள் முதற் பொதுத் தேர்தல் நடைபெற்றது. வாக்காளர்களுள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் மலாய்க்காரர்கள். தேர்தல் மூலம் நிரப்பப்படும் இடங்கள் 52. கூட்டணி நிறுத்திய வேட்பாளர்களுள் 17 பேர் மலாய்க்காரர் அல்லாதோர். தமக்குரிய பங்கைவிட மிகுதியாகப் பிறருக்கு விட்டுக்கொடுப்பதா என்று கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. துங்கு அசையவில்லை. கூட்டணி 51 இடங்களை வென்றது. பிற இனத்து வேட்பாளர் பதினேழு பேரும் வெற்றி பெற்றனர். எஞ்சிய ஓரிடம் இஸ்லாமியக் கட்சிக்குச் சென்றது. துங்கு முதலமைச்சரானார்கள்.

அந்நாளில் நாடு அமைதியாக இருக்கவில்லை. 1948 முதல் பொதுவுடைமைப் போராளிகள் காட்டில் ஆயுதம் ஏந்தியிருந்தனர். நெருக்கடி நிலை நீடித்தது. 1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாட்களில் கெடாவிலுள்ள பாலிங் என்னும் சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் அவர்களின் தலைவர் சின் பெங்கைத் துங்கு நேரில் சந்தித்தார்கள். உடன்பாடு எட்டவில்லை. கட்சியை அங்கீகரிக்கக் கேட்டார் அவர், துங்கு மறுத்தார்கள். எனினும் அச்சந்திப்பு வீண்போகவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்பும் படையும் துங்குவின் கைக்கு வருமாயின் போரை நிறுத்த ஆயத்தம் என்று சின் பெங் தெரிவித்திருந்தார். அடுத்த மாதமே இலண்டனில் பேச்சுவார்த்தை. விடுதலை தந்தால் போர் ஓயக்கூடும் என்னும் எண்ணம் துங்குவின் கரத்தை வலுப்படுத்தியது.

அந்த இலண்டன் பயணத்தைச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம். விடுதலைக்குக் குறுக்கே நின்றவர் ஆங்கிலேயர் மட்டுமல்லர். விடுதலைக்குப்பின் தம் நிலை என்னாகுமோ என்ற ஐயம் சுல்தான்களுக்கு இருந்தது. ஆகவே கூட்டணி சார்பில் நால்வர், சுல்தான்கள் சார்பில் நால்வர் என இரு குழுக்கள் சென்றன. இருவேறு குரலில் பேசினால் ஆங்கிலேயர் அதனையே காரணமாக்கிக் காலம் கடத்துவர். வானூர்தியில் விரைந்து செல்வதற்கு மாறாக, 1956 புத்தாண்டு நாளில் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறிக் கராச்சி வரை கடல் வழியே சென்று, அங்கிருந்து வானூர்தியில் இலண்டனை அடைய ஏற்பாடு செய்யப்பட்டது. கப்பலிலிருந்து எவரும் கோபித்துக்கொண்டு எழுந்து வெளியேற இயலாதன்றோ! அந்நாட்களில் இரு குழுவினரும் ஒன்றாக அமர்ந்து பேசி ஒரே நிலைக்கு வந்தனர். மாநிலங்களில் சுல்தான்களின் நிலையும் கண்ணியமும் காக்கப்படும். அவர்கள் விடுதலையை முழுமனத்துடன் ஆதரிப்பர் என்பது அதன் சாரம். திருமறையில் ஷூரா என்னும் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருப்பதை நாம் அறிவோம். பொதுக்குழுக் கூட்டத்தில் பாதியில் எழுந்து செல்லும் வழக்கம் நம்மிடையே உள்ளமையால், இந்தக் கப்பற் பயணத்தை எண்ணுந்தோறும் நமக்குப் புன்முறுவல் தோன்றுகின்றது.

இலண்டனில் இரு குழுவும் ஒரே குரலில் பேசின. பிப்ரவரி 8-ஆம் நாள், துங்குவின் ஐம்பத்து மூன்றாம் பிறந்த நாளன்று, ஒப்பந்தம் கையெழுத்தாகியது. இயலுமாயின் 1957 ஆகஸ்டுக்குள் விடுதலை என அது கூறியது. ஊர் திரும்பியதும் தலைநகருக்குச் செல்லாமல், பிப்ரவரி 20-ஆம் நாள் மலாக்காவில் திரண்டிருந்த மக்களிடம் அச்செய்தியை அன்னார் அறிவித்தார்கள். 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்கா சுல்தானகத்தைக் கைப்பற்றியதே அந்நாட்டு அடிமைத்தனத்தின் தொடக்கம். அது பறிபோன இடத்திலேயே மீட்சியும் அறிவிக்கப்பட்டது.

அடுத்து அரசியல் சட்டம். அதனை வரைய ரீட் பிரபு தலைமையில் ஐவர் அமர்த்தப்பட்டனர். பிரிட்டனிலிருந்து இருவர், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர், இந்தியாவிலிருந்து அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி. மாலிக், பாகிஸ்தானிலிருந்து நீதிபதி அப்துல் ஹமீது. உள்நாட்டார் எவரும் குழுவில் வேண்டா என்பது துங்குவின் கருத்து. உள்ளூரார் அமர்ந்தால் ஒவ்வொருவரும் தம் இனத்திற்கே வாதிடுவர் என அன்னார் எண்ணினார்கள். 131 மனுக்கள் வந்தன. அவற்றுள் கூட்டணியின் மூன்று கட்சிகளும் பல மாதம் தமக்குள் போராடி ஒன்றாக அளித்த மனுவே தலையாயது.

அம்மனுவில்தான் அந்நாட்டின் அடித்தளம் அமைந்தது. விடுதலை நாள் முதல் அம்மண்ணில் பிறக்கும் எக்குழந்தையும் குடிமகன் ஆகும் என்பதை மலாய்க்காரர் ஏற்றனர். அந்நாளில் மக்கட்தொகை ஏறத்தாழ 63 இலட்சம். அதில் மலாய்க்காரர் ஏறக்குறையப் பாதியே. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீனர். பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இந்தியர். இந்நிலையில் பிறப்பால் குடியுரிமை தருவது எத்துணைப் பெரிய விட்டுக்கொடுத்தல் என்பது வெளிப்படை. அதற்கு ஈடாகப் பிற இனத்தார் மலாய்க்காரரின் தனிச்சலுகையையும், மலாய் தேசிய மொழியாவதையும், இஸ்லாம் கூட்டரசின் மார்க்கமாவதையும் ஏற்றனர். தனிச்சலுகையைப் பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் மறுபரிசீலனை செய்யலாம் என ரீட் குழு பரிந்துரைத்திருந்தது. இறுதிச் சட்டத்தில் அக்கால வரையறை இடம்பெறவில்லை. பின்வந்த பூசல்கள் பலவற்றின் வேர் இங்கே உள்ளது.

மார்க்கத்தைப் பற்றிய பிரிவின் வரலாறு ஜமாஅத்தார்க்கு வியப்பளிக்கும். இஸ்லாத்தைக் கூட்டரசின் மார்க்கமாகக் குறிப்பிடுவதை முதலில் விரும்பாதவர்கள் சுல்தான்களே! மேலே கூறியவாறு, ஆங்கிலேயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட காலத்திலும் மார்க்கத் தலைமை அவர்களிடமே இருந்தது. கூட்டரசுக்கென ஒரு மார்க்கம் எழுதப்பட்டால் அத்தலைமை மையத்திற்குப் போய்விடுமோ என அவர்கள் அஞ்சினர். ரீட் குழுவின் பெரும்பான்மையினரும் அப்பிரிவைச் சேர்க்கவில்லை. நீதிபதி அப்துல் ஹமீது மட்டும் சேர்க்க வேண்டும் எனத் தனிக் குறிப்பு எழுதினார். பின்னர் நடந்த பேச்சில் சுல்தான்களின் ஐயம் நீக்கப்பட்டு, இஸ்லாம் கூட்டரசின் மார்க்கம், பிற சமயங்களையும் அமைதியோடு பின்பற்றலாம் என்னும் மூன்றாம் பிரிவு உருவாயிற்று. சுல்தான் உள்ள மாநிலங்களில் அவரவரே மார்க்கத் தலைவர். சுல்தான் இல்லாத பினாங்குக்கும் மலாக்காவுக்கும் பேரரசரே தலைவர். பள்ளிவாசல், ஜகாத், வக்ஃபு, ஷரீஅத் நீதிமன்றம் யாவும் மாநிலப் பட்டியலில் அடங்கும். பினாங்கில் நம் முன்னோர் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் இவ்வகையில் அம்மாநில மார்க்க நிர்வாகத்தின் எல்லைக்குள் வருவதே.

பேரரசர் அமையும் முறை உலகில் வேறெங்கும் காண்பதரிது. ஒன்பது ஆட்சியாளர்களும் ஒன்றுகூடி இரகசிய வாக்கெடுப்பின் மூலம் தம்முள் ஒருவரை ஐந்தாண்டுக்குப் பேரரசராகத் தேர்ந்தெடுப்பர். ஐந்தாண்டு முடிந்ததும் அவர் தம் மாநிலத்திற்குத் திரும்புவார்; வேறொருவர் வருவார். 1957 ஆகஸ்டில் முதன்முதலாகத் தேர்வானவர் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள். பெயர் ஒன்றாயினும் நம் துங்கு வேறு, இவர் வேறு. நாட்டை நடத்தும் பொறுப்பு மக்கள் தேர்ந்தெடுக்கும் அவைக்கும் அதன் பெரும்பான்மையைப் பெற்ற பிரதமருக்கும் உரியது. மேலவைக்கு ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் இருவரை அனுப்பும். ஏனையோரைப் பேரரசர் நியமிப்பார்.

குடியுரிமை நம் குடும்பங்களைத் தொட்ட விடயமாதலின் இங்குச் சற்று நிற்கின்றோம். விடுதலைக்குப்பின் பிறந்தோருக்குத் தடையில்லை. அதற்கு முன் அங்குப் பிறந்தோர் ஏழாண்டுகளில் ஐந்தாண்டு வாழ்ந்திருந்தாலும், வெளியில் பிறந்து அங்கு வாழ்வோர் பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டாண்டு வாழ்ந்திருந்தாலும் மனுச் செய்து குடியுரிமை பெறலாம். மலாய் மொழியில் அடிப்படை அறிவு வேண்டும். மலாய்க் கம்பங்களில் வணிகம் செய்த நம்மவர்க்கு மொழி ஒரு தடையன்று. தடையாக நின்றது நம் சபரே. மனைவி மக்கள் ஊரில், கணவர் அங்கே. இரண்டாண்டு அங்கு, ஓராண்டு இங்கு என்று கப்பலில் போய்வந்தவருக்கு எட்டாண்டுக் கணக்கைக் காட்டுவது எளிதன்று. கணக்கு இருந்தும், என்றேனும் ஊர் திரும்பத்தானே போகிறோம் என்று மனுவே செய்யாமலிருந்தோர் அதனினும் மிகுதி. மனுச் செய்தவர் கையில் நீல அடையாள அட்டை இருந்தது. செய்யாதவர் கையில் சிவப்பு அட்டை. அந்நாளில் அதன் வேறுபாட்டை எவரும் பெரிதாகக் கருதவில்லை.

1957 ஆகஸ்ட் 31, ஹிஜ்ரி 1377 ஸஃபர் மாதம். கோலாலம்பூரில் புதிதாகக் கட்டப்பட்ட மைதானத்தில் துங்கு அவர்கள் விடுதலைப் பிரகடனத்தை வாசித்து, கையை உயர்த்தி ஏழு முறை மெர்டேக்கா என முழங்கினார்கள். விடுதலை எனப் பொருள்படும் அச்சொல்லை மக்களும் ஏழு முறை திரும்ப முழங்கினர். மலாக்கா வீழ்ந்து 446 ஆண்டுகள் கழிந்திருந்தன. நெருக்கடி நிலை 1960 ஜூலை இறுதியில் முடிவுக்கு வந்தது.

விடுதலையை முன்னிட்டுத் தலைநகரில் ஒரு பெரும் பள்ளிவாசல் கட்ட முடிவாயிற்று. 1958-இல் பதினொரு மாநிலங்களின் தலைவர்களும் கூடி, அதற்குத் துங்குவின் பெயரையே சூட்ட வேண்டும் எனக் கருத்துரைத்தனர். அன்னார் இணங்கவில்லை. குருதி சிந்தாமல் விடுதலை அருளிய இறைவனுக்கு நன்றியாக எழுவது அது. தேசியப் பள்ளிவாசல் என்பதே போதும் என்றார்கள். மஸ்ஜித் நெகாரா எனும் அப்பெயரே நிலைத்தது. விரிந்த குடை போன்ற கூரையுடன் 1965 ஆகஸ்ட் 27-இல் அது திறக்கப்பட்டது. ஒரு மின்விசிறி வாங்கித் தந்தாலும் அதன் இறக்கையில் பெயர் எழுதி மாட்டும் நாட்களில் இதனை வாசிக்கும்போது நம் உள்ளம் நெகிழ்கின்றது.

1960-இல் புதிதாக இஸ்லாத்தைத் தழுவுவோருக்கு உதவும் பெர்கிம் என்னும் அமைப்பை அன்னார் தோற்றுவித்தார்கள். 1961 முதல் பன்னாட்டுக் கிராஅத் போட்டி அங்கு நடந்து வருகின்றது. காரிகள் பலருக்கு உலகப் புகழ் தேடித் தந்த மேடை அது.

ஆனால் அன்னாரை நாம் இறைநேசர் வரிசையில் வைத்து எழுதவில்லை. குதிரைப் பந்தயத்திலும் சீட்டாட்டத்திலும் அன்னாருக்கு நாட்டம் இருந்தது. அதனை அவரே மறைத்ததில்லை. மார்க்கம் விலக்கியதை விலக்கியது என்றே சொல்வது நம் கடமை. அன்றியும், பல சமயத்தார் வாழும் தம் நாடு இஸ்லாமிய அரசாக ஆக வேண்டியதில்லை என்பதை இறுதிவரை வலியுறுத்தி வந்தார்கள். 1983-இல் எண்பதாம் பிறந்த நாளின்போதும் அதையே கூறினார்கள். அந்நாட்டு உலமாக்களுள் ஒரு சாரார் இதனை வன்மையாக மறுத்தனர். இரு சாராருக்கும் அவரவர் காரணம் உண்டு. அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக!

1963 செப்டம்பர் 16-இல் சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகியன இணைய, மலாயா மலேசியாவாயிற்று. இந்தோனேசியா அதனை எதிர்த்து மோதலில் இறங்கியது. இரண்டே ஆண்டில், 1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் பிரிந்தது. இலண்டனில் நோயுற்றுக் கிடந்த நாட்களில் துங்கு எடுத்த முடிவு அது. பள்ளிவாசல் திறப்பு விழா நடந்தது அதற்குப் பதினெட்டாம் நாள் என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்விழாவில் அன்னாரின் மனம் எந்நிலையில் இருந்திருக்கும் என்பதை ஒருவாறு உணரலாம்.

அதனினும் பெரிய அடி 1969-இல் விழுந்தது. மே 10-ஆம் நாள் தேர்தலில் கூட்டணியின் வலிமை குன்றியது. மே 13-ஆம் நாள் கோலாலம்பூரில் மலாய்க்காரருக்கும் சீனருக்குமிடையே கலவரம் மூண்டது. அரசின் கணக்குப்படி இறந்தோர் 196 பேர். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு நாடாளுமன்றம் முடக்கப்பட்டது; துணைப் பிரதமர் துன் அப்துல் ரஸாக் தலைமையிலான நடவடிக்கை மன்றம் ஆட்சியை நடத்தியது. மலாய்க்காரரை வறுமையில் விட்டுப் பிறருக்கு விட்டுக்கொடுத்தார் எனத் தம் இனத்தவரே துங்குவைத் தூற்றினர். பிற இனத்தாரோ தம்மைச் சமமாக நடத்தவில்லை என்றனர். கப்பலில் அமர்ந்து பேசிச் சமைத்த உடன்பாடு தலைவர்களுக்கிடையே நின்றுவிட்டது. தெருவில் வாழ்வோரிடம் அது முழுதாகச் சென்று சேரவில்லை என்றே நாம் கருதுகின்றோம்.

சிவப்பு அட்டையின் பொருள் விளங்கியதும் இக்காலத்தில்தான். குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என 1968-இல், துங்குவின் ஆட்சியிலேயே, சட்டம் இயற்றப்பட்டது. 1969, 1970 ஆகிய ஆண்டுகளில் அது நடைமுறைக்கு வந்தபோது தோட்டங்களிலும் கடைகளிலும் இருந்த இந்தியர் பல்லாயிரவர் கப்பலேறினர். வாழ்நாளின் பெரும்பகுதியை அங்குக் கழித்தவர்கள் ஒரு பெட்டியுடன் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் வந்திறங்கினர். பிறந்த குழந்தைக்கெல்லாம் குடியுரிமை என்று பெருமனத்துடன் வழங்கிய அதே அரசு, ஒரு மனுத்தாள் இல்லாத முதியவரை வழியனுப்பியது. துங்குவைப் போற்றி எழுதும்போது இதனை விட்டுவிட்டால் நம் மஹல்லாப் பெரியவர்களுக்கு நாம் நீதி செய்தவர்களாக மாட்டோம்.

1970 செப்டம்பரில் துங்குவின் அண்ணன் மகனான கெடா சுல்தான் பேரரசராகப் பொறுப்பேற்றார்கள். தம் மகன் நிலையிலுள்ளவரின் கீழ்ப் பிரதமராயிருப்பது முறையன்று எனக் கூறி, மறுநாள் 22-ஆம் தேதி துங்கு பதவி விலகினார்கள். உண்மையில் கலவரத்திற்குப்பின் அதிகாரம் அன்னாரின் கையில் பெரிதும் இல்லை. எனினும் படையை அழைக்கவோ, கட்சியை உடைக்கவோ முயலாமல் அமைதியாக இறங்கியதால், பதவி மாறும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியது. அன்று புதிதாக விடுதலை பெற்றிருந்த நாடுகள் பலவற்றில் ஆட்சி மாறியது துப்பாக்கி முனையில் என்பதை நினைவிற் கொள்க.

அதே ஆண்டு ஜித்தாவில் கூடிய முஸ்லிம் நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள், இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் முதற் பொதுச் செயலாளராக அன்னாரைத் தேர்ந்தெடுத்தனர். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் பைத்துல் முகத்தஸின் அல்அக்ஸா பள்ளிவாசலுக்குத் தீ வைக்கப்பட்டதை அடுத்துப் பிறந்த அமைப்பு அது. அலுவலகமும் பணியாளரும் இல்லாத நிலையிலிருந்து அதனைக் கட்டியெழுப்பி, பின்னர் அப்பொறுப்பிலிருந்து விலகினார்கள்.

எஞ்சிய நாட்கள் பினாங்கில் கழிந்தன. ஆங்கில நாளேடு ஒன்றில் வாரந்தோறும் எழுதினார்கள். தாம் வளர்த்த கட்சியின் அரசையே அதில் கண்டித்தார்கள்; 1987-இல் அந்நாளேடு சில மாதங்கள் மூடப்பட்டது. மறு ஆண்டு அம்னோ நீதிமன்றத்தால் சட்ட விரோதமானதாக அறிவிக்கப்பட்டபோது, பழைய தலைவர்களோடு சேர்ந்து அதனை மீளப் பதிவு செய்ய முயன்றார்கள், அனுமதி கிட்டவில்லை. நடக்கவும் இயலாத முதுமையில் சக்கர நாற்காலியில் அமர்ந்தே கூட்டங்களுக்குச் சென்றார்கள்.

1990 டிசம்பர் 6, ஹிஜ்ரி 1411 ஜமாதுல் அவ்வல் மாதம், வியாழக்கிழமை துங்கு அவர்கள் தமது எண்பத்தேழாம் வயதில் வஃபாத்தானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கோலாலம்பூரில், தம் பெயரைச் சூட்ட வேண்டா என அன்னார் மறுத்த அதே தேசியப் பள்ளிவாசலின் வளாகத்தில் நாட்டுத் தலைவர்களுக்கென அடக்கவிடம் ஒன்று உண்டு. துன் அப்துல் ரஸாக் அங்கேதான் துயில்கின்றார்கள். துங்குவின் மையத்து அங்கு வைக்கப்படவில்லை. கெடாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அலோர் ஸ்டாரை அடுத்த லங்கார் என்னும் ஊரில், போர்க்காலத்தில் வண்டியோடு தாம் அழைத்துச் சென்ற தந்தையாரும் முன்னோரும் அடங்கியுள்ள அரச குடும்ப மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டது.